அங்கோலாவைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும்

1992 ஜூலை 26. பார்சிலோனா ஒலிம்பிக். ‘ட்ரீம் டீம்’ என்று உலகமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய அமெரிக்கக் கூடைப்பந்து அணிக்கு அன்றுதான் முதல் ஆட்டம். மைக்கேல் ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் என்று வரிசையாக நட்சத்திரங்கள். எதிரே அங்கோலா. ஆட்டத்துக்கு முன்பு பத்திரிகையாளர்கள் கேட்டதற்கு சார்லஸ் பார்க்லி சொன்ன பதில் இன்றுவரை நகைச்சுவைத் துணுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கோலாவைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அங்கோலா சிக்கலில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும் என்றார் அவர். அரங்கம் சிரித்தது.

ஆட்டம் 116–48 என்று முடிந்தது. ஒரு கட்டத்தில் அமெரிக்கா 46 புள்ளி எடுப்பதற்குள் அங்கோலா எடுத்தது ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி எப்படி வந்தது தெரியுமா? ஹெர்லாண்டர் கோயிம்ப்ரா என்ற மெலிந்த அங்கோலா வீரரின் மார்பில் பார்க்லி முழங்கையால் ஓங்கி இடித்தார். அதற்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோவில் வந்த புள்ளி அது. முதலில் தன்னைத்தான் அடித்தார்கள் என்றார் பார்க்லி. அதோடு நிறுத்தவில்லை. அந்த வீரர் சில வாரங்களாகச் சாப்பிடாதவர் போலிருந்தார் என்றும், தன்மீது ஈட்டியை எறிந்துவிடுவாரோ என்று நினைத்ததாகவும் பத்திரிகையாளர்களிடம் கேலி பேசினார். பட்டினியும் ஈட்டியும்! ஆப்பிரிக்கா என்றதும் வெள்ளை உலகம் நூற்றாண்டுகளாக வரைந்துவைத்திருக்கும் அதே படம். அதை இந்த முறை எடுத்துக் காட்டியவர் ஒரு கறுப்பர்.

நாம் இந்தக் கட்டுரையில் பேச விரும்புவது அங்கோலா ஆண்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றை. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்த முழங்கைதான். ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே அதிக முறை, 12 முறை, ஆஃப்ரோபாஸ்கெட் பட்டம் வென்ற அணி அது. அடுத்த இடத்தில் இருக்கும் எகிப்தும் செனகலும் ஆளுக்கு 5 பட்டங்கள். அப்படிப்பட்ட ஓர் அணி உலகத்தின் நினைவில் ஒரு நகைச்சுவைத் துணுக்காக மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றால், அது தற்செயலா?

‘தெரியாது’ என்பது யாருடைய சொகுசு?

பார்க்லிக்குத் தெரியாது, சரி. அவருடைய நாட்டு அரசுக்கு அங்கோலாவைப் பற்றி எல்லாம் தெரியும்.

1975 நவம்பர் 11 அன்று அங்கோலா போர்த்துகலிடமிருந்து விடுதலை பெற்றது. மருத்துவரும் கவிஞருமான அகஸ்டினோ நெட்டோ முதல் குடியரசுத் தலைவரானார். எம்பிஎல்ஏ என்ற இடதுசாரி இயக்கம் தலைநகர் லுவாண்டாவில் ஆட்சி அமைத்தது. விடுதலை அறிவிப்பதற்கு முன்பே தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் படை எல்லை தாண்டி நுழைந்துவிட்டது. கியூபா தன் வீரர்களை அனுப்பி எம்பிஎல்ஏவுக்குத் துணை நின்றது. அமெரிக்கா யார் பக்கம் நின்றது? நிறவெறி அரசு ஆதரித்த அதே யுனிட்டா படைக்குத்தான் அமெரிக்காவும் பணமும் ஆயுதமும் கொடுத்தது. யுனிட்டா தலைவர் ஜொனாஸ் சவிம்பியை 1986இல் வெள்ளை மாளிகைக்கே அழைத்துக் கை குலுக்கினார் ரீகன். விமானங்களை வீழ்த்தும் ஸ்டிங்கர் ஏவுகணைகளும் சவிம்பிக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஒலிம்பிக் ஆட்டம் நடந்த நாளில் அங்கோலா அரசை அமெரிக்கா அங்கீகரிக்கவே இல்லை. விடுதலை அடைந்து 17 ஆண்டுகள் கழித்து, 1993 மே மாதத்தில்தான் கிளிண்டன் அரசு அங்கீகாரம் கொடுத்தது. ஆக, 1992இல் அந்த ஆடுகளத்தில் நின்ற 12 அங்கோலா வீரர்களும் அமெரிக்க அரசின் ஏட்டில் இல்லாத ஓர் அரசின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவர்கள்.

அடிப்பவனுக்கு அடிபடுபவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை. அடிபடுபவனுக்கோ அடிப்பவனின் பெயர், ஊர், பழக்கவழக்கம், கோபம், குணம் எல்லாம் தெரிந்தால்தான் பிழைக்க முடியும். அங்கோலா வீரர்களுக்கு பார்க்லியைத் தெரிந்திருந்தது. பார்க்லிக்கு அவர்களைத் தெரியவில்லை. இந்தத் தெரியாமைக்குப் பெயர் அப்பாவித்தனம் இல்லை தோழர்களே, அதிகாரம்.

பார்க்லி எங்கே பிறந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அலபாமா மாநிலத்தின் லீட்ஸ் நகரில் 1963இல் பிறந்தவர். அதே ஆண்டு செப்டம்பரில், அதே மாநிலத்தின் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவருக்கு இன்னொரு கறுப்பரைப் பார்த்ததும் ஈட்டி ஞாபகம் வருகிறது. தனி மனிதராக பார்க்லியைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவருடைய அணித் தோழர்களே அவரைக் கண்டித்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒடுக்குமுறை மேலிருந்து கீழே மட்டும் வருவதாக நினைக்கிறோம். அது ஒடுக்கப்பட்டவரின் கண்ணுக்குள்ளும் புகுந்து, தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று காட்டிக்கொடுக்கிறது. ஒரு படி மேலே நிற்பதாக நினைப்பவர், கீழ்ப் படியில் இருப்பவரை முழங்கையால் இடிக்கிறார். படிக்கட்டைக் கட்டியவன் கைதட்டிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

மனிதனாக விண்ணப்பம் போட வேண்டிய நாடு

இந்த அணியின் வரலாற்றை விடுதலைக்கு முன்பிருந்து தொடங்கினால்தான் விளங்கும். லுவாண்டா துறைமுகத்திலிருந்து நூற்றாண்டுக்கணக்கில் மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்து பிரேசிலுக்குக் கப்பலேற்றினார்கள் போர்த்துக்கீசியர்கள். அடிமை வணிகம் சட்டப்படி ஒழிந்த பிறகு, அது வேறு பெயரில் நடந்தது. ‘ஒப்பந்தம்’ என்று பெயர். வரி கட்ட முடியாதவனை, வேலையில்லாதவன் என்று முத்திரை குத்தப்பட்டவனைப் பிடித்துத் தோட்டங்களுக்கும் சாலைப் பணிக்கும் அனுப்பினார்கள். சாவோ தோமே தீவின் கோகோ தோட்டங்களுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு சட்டம் இருந்தது. 1926 முதல் 1961 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டத்தின்படி, அங்கோலாவில் பிறந்த கறுப்பர் எல்லோரும் ‘இந்தீஜெனா’, அதாவது சுதேசி. சுதேசிக்குக் குடியுரிமை கிடையாது. அவன் குடிமகனாக வேண்டுமானால் ‘அசிமிலாதோ’ ஆக வேண்டும். போர்த்துக்கீசிய மொழி சரியாகப் பேச வேண்டும், சொந்த வருமானம் இருக்க வேண்டும், நன்னடத்தை இருக்க வேண்டும், தன் மக்களின் பழக்கவழக்கங்களைக் கைவிட்டிருக்க வேண்டும். இதையெல்லாம் அதிகாரி முன்னால் நிரூபிக்க வேண்டும். சொந்த மண்ணில் மனிதனாக வாழ, மனு போட்டுக் காத்திருக்க வேண்டும்! வெள்ளையனாகப் பிறந்தவனுக்கு இந்தத் தேர்வு எதுவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையனும் பிறப்பாலேயே குடிமகன். 1950இல் எடுத்த கணக்கில், அங்கோலாவின் கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அசிமிலாதோ ஆகியிருக்கவில்லை.

பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்துவிட்டு, அதற்கு ‘நாகரிகம்’ என்று பெயர் வைக்கும் ஏற்பாடு எங்கே நடந்தாலும் ஒன்றுபோலவே இருப்பதை வாசிக்கிற உங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

1961 ஜனவரியில் கசான்ஜே சமவெளியின் பருத்தி விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோட்டோனாங் என்ற கம்பெனிக்காகக் கட்டாயப் பருத்தி பயிரிட்டு, அது சொன்ன விலைக்கே விற்க வேண்டியிருந்த ஏழைகள். விதையை எரித்தார்கள், பருத்தி போட மாட்டோம் என்றார்கள். போர்த்துக்கீசிய அரசு விமானத்திலிருந்து குண்டு போட்டது. அடுத்த மாதம், பிப்ரவரி 4 அன்று, லுவாண்டா சிறைகளைத் தாக்கி அரசியல் கைதிகளை விடுவிக்க முயன்றார்கள் போராளிகள். விடுதலைப் போர் தொடங்கியது. அந்த ஆண்டே சுதேசிச் சட்டத்தை போர்த்துகல் கைவிட்டது. ஆண்டவன் மனம் இரங்கியதால் வந்த மாற்றமில்லை அது. பருத்தி விதையை எரித்தவர்கள் கொண்டுவந்தது.

இந்த நாட்டிலிருந்துதான் ஒரு தேசிய அணி எழுந்தது. விடுதலையின்போது ஏறத்தாழ 3 லட்சம் போர்த்துக்கீசியர்கள் கிளம்பிப் போனார்கள். மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் என்று பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் அவர்களே. பயிற்சி பெற அனுமதிக்கப்பட்டவர்களும் அவர்களே என்பதால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாடு எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அதில் கூடைப்பந்தும் ஒன்று.

போருக்கு நடுவே ஓர் அணி

1977இல் ராணுவத்தின் கழகமாக ‘ப்ரிமெய்ரோ தெ அகோஸ்டோ’ தொடங்கப்பட்டது. 1980இல் அரசு எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவில் ‘பெட்ரோ தெ லுவாண்டா’ வந்தது. இந்த இரண்டு கழகங்களுக்கும் இடையிலான போட்டிதான் அங்கோலாக் கூடைப்பந்தின் முதுகெலும்பு. 1979இல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பில் நாடு உறுப்பினரானது. அடுத்த ஆண்டே ஆப்பிரிக்கச் சாம்பியன் போட்டியில் காலடி வைத்தது. 1983இலும் 1985இலும் இறுதி ஆட்டம்வரை வந்து தோற்றது. 1986இல் ஸ்பெயினில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் முதல்முறை ஆடியது.

இந்த ஆண்டுகளில் நாட்டின் தெற்குப் பகுதி தென்னாப்பிரிக்கப் படையின் பிடியில் இருந்தது. 1987–88இல் கியூட்டோ குவானாவாலேயில் நடந்த பெரும் போருக்குப் பிறகுதான் நிறவெறி அரசு பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது. நமீபியா விடுதலைக்கு வழி பிறந்தது. 1989இல் ஆஃப்ரோபாஸ்கெட் லுவாண்டாவில் நடந்தது. சொந்த மக்கள் முன்னிலையில் எகிப்தை வீழ்த்தி அங்கோலா முதல் கோப்பையைத் தூக்கியது.

அன்றிலிருந்து 2013 வரை நடந்த 13 ஆப்பிரிக்கச் சாம்பியன் போட்டிகளில் 11ஐ அங்கோலா வென்றது. தவறவிட்டவை 1997, 2011 இரண்டு மட்டும். 1992 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடியது. இங்கே ஒரு சின்ன ஒப்பீடு: ‘நாகரிகம்’ கற்றுக்கொடுக்க வந்ததாகச் சொன்ன போர்த்துகலின் ஆண்கள் அணி இன்றுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஒருமுறைகூட ஆடியதில்லை.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது நாட்டில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 1992 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. தோற்ற சவிம்பி முடிவை ஏற்க மறுத்தார். போர் மறுபடி வெடித்தது. 1993இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் பேர் செத்துக்கொண்டிருப்பதாக ஐ.நா. சொன்னது. ஹுவாம்போ நகரம் 55 நாள் முற்றுகையில் நொறுங்கியது. அந்த 1993இலும் அங்கோலா ஆப்பிரிக்கச் சாம்பியன். 1995இலும் சாம்பியன். 2002 பிப்ரவரியில் சவிம்பி கொல்லப்பட்டு, ஏப்ரலில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானபோது 27 ஆண்டுகள் ஓடியிருந்தன. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். சுமார் 40 லட்சம் பேர் வீடிழந்து அலைந்தார்கள். வயலெங்கும் கண்ணிவெடி. உலகம் அங்கோலாவை இரண்டு படங்களில் பார்த்தது: ஒன்று பார்க்லியின் முழங்கை, இன்னொன்று 1997இல் கண்ணிவெடி வயலில் நடந்துபோன இங்கிலாந்து இளவரசி டயானா. இரண்டு படத்திலும் அங்கோலாக்காரர் பின்னணியில்தான் இருந்தார்.

போர் முடிந்து ஐந்தாண்டுகளில், 2007இல், அங்கோலா மறுபடி ஆஃப்ரோபாஸ்கெட்டை நடத்தியது. ஆட்டங்களை லுவாண்டாவோடு நிறுத்தாமல் பெங்குவேலா, கபிண்டா, லுபாங்கோ நகரங்களுக்கும் எடுத்துச் சென்றார்கள். முற்றுகையில் நொறுங்கிய அதே ஹுவாம்போவிலும் பந்து துள்ளியது. இறுதியில் கேமரூனை வென்றது அங்கோலா.

ஒரு வாரம்கூட ஆகவில்லை

மறுபடி 1992க்கு வருவோம். அமெரிக்காவிடம் 68 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணி, ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், போட்டியை நடத்திய ஸ்பெயினை அவர்களுடைய சொந்த மண்ணில் சந்தித்தது. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற நாடு ஸ்பெயின். அங்கோலா 83–63 என்று வென்றது. 20 புள்ளி வித்தியாசம்! ஸ்பானியப் பத்திரிகைகள் அந்தத் தோல்விக்கு ‘அங்கோலாசோ’ என்றே பெயர் வைத்தன. 27 ஆண்டுகள் ஸ்பெயின் அணியின் பயிற்சியாளராக இருந்த அன்டோனியோ டியாஸ்-மிகெலின் காலம் அந்த ஒலிம்பிக்கோடு முடிந்தது.

116–48 நினைவிருக்கும் எத்தனை பேருக்கு 83–63 நினைவிருக்கிறது? இரண்டும் ஒரே அணி, ஒரே போட்டி, ஒரே வாரம். நமது தோல்விகள் உலகச் செய்தியாகும், நமது வெற்றிகள் உள்ளூர்ச் செய்தியாகும் என்பது ஒடுக்கப்பட்ட மக்கள் எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு. வரலாறு எழுதுபவர் எந்தப் புள்ளிப் பலகையை எடுத்து மாட்டுகிறார் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. கோயிம்ப்ரா என்ற பெயரைப் ‘பார்க்லியிடம் இடி வாங்கியவர்’ என்று எழுதுவதும் உண்மைதான். ‘ஸ்பெயினை வென்ற அணியில் ஆடியவர்’ என்று எழுதுவதும் உண்மைதான். முதலாவதை மட்டும் முப்பதாண்டுகளாக எழுதிக்கொண்டிருப்பவர்களிடம்தான் நமது கேள்வி.

2006 உலகச் சாம்பியன் போட்டியில் டிர்க் நோவிட்ஸ்கியின் ஜெர்மனியை மூன்று கூடுதல் நேரம்வரை இழுத்துச் சென்றது அங்கோலா. நோவிட்ஸ்கி 47 புள்ளி எடுத்த பிறகுதான் ஜெர்மனி 108–103 என்று தப்பித்தது. 2010இல் அதே ஜெர்மனியைக் கூடுதல் நேரத்தில் 92–88 என்று வீழ்த்தியது. இவையெல்லாம் அடிக்குறிப்பாகக்கூட நமக்கு வந்து சேர்வதில்லை.

‘பிறவித் திறமை’ என்னும் பொய்

கறுப்பினத்தவர் விளையாட்டில் வென்றால் உடனே ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: உடல்வாகு, இயற்கை, மரபணு. அவர்கள் படித்தால் சலுகை, ஓடினால் உடம்பு. எப்படியும் உழைப்புக்கும் அறிவுக்கும் மதிப்பெண் போடமாட்டார்கள். இந்தப் பொய்யை உடைக்க அங்கோலா அணியைவிட நல்ல சான்று கிடையாது.

அங்கோலா குள்ளமான அணி. உயரமே எல்லாம் என்று நம்பப்படும் ஆட்டத்தில் அவர்கள் எதிரணியைவிட உயரம் குறைந்தவர்களாகவே பெரும்பாலும் நின்றார்கள். அதை ஈடுகட்ட என்ன செய்தார்கள்? களம் முழுக்க ஓடி எதிரணியை நெருக்கினார்கள். தொலைவிலிருந்து மூன்று புள்ளி எய்தப் பழகினார்கள். ஒருவரை ஒருவர் கண்மூடித் தெரிந்துகொள்ளும்வரை சேர்ந்தே ஆடினார்கள். நைஜீரியாவும் செனகலும் அமெரிக்கக் கல்லூரிகளிலும் என்பிஏவிலும் வளர்ந்த வீரர்களை அழைத்து வந்து அணி சேர்த்த காலத்தில், அங்கோலா வீரர்களில் பெரும்பாலோர் உள்நாட்டுக் கழகங்களில் ஆடியவர்கள். முதல் அங்கோலா வீரர் என்பிஏவில் கால் வைத்தது 2019இல்தான். அவர் புரூனோ ஃபெர்னாண்டோ. அதற்குள் நாடு 11 ஆப்பிரிக்கப் பட்டங்களை வென்று முடித்திருந்தது.

கின்ஷாசாவில் பிறந்து அங்கோலாவின் முதல் பெரும் நட்சத்திரமான ஜான்-ஜாக் கொன்செய்சாவ், எட்டு ஆப்பிரிக்கப் பட்டங்களில் பங்கேற்ற ஆஞ்செலோ விக்டோரியானோ, மிகேல் லுட்டோண்டா, ஜோவாக்கிம் கோமெஸ், கார்லோஸ் மொராய்ஸ் என்று ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுத்த ஆட்டம் இது. 1992இல் அணியை நடத்திய விக்டோரினோ குன்யா உள்நாட்டுப் பயிற்சியாளர். பின்னர் வந்து பல பட்டங்கள் பெற்றுத்தந்த மாரியோ பால்மா போர்த்துகல்காரர். முன்னாள் எசமான் நாட்டிலிருந்து வந்தவரிடமும் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. ஆனால் இந்த முறை அவர் வேலைக்கு வந்தவர். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் எப்போதும் ஓர் உண்மையை மறைக்கிறார்கள். திறமை என்பது வாய்ப்பின் குழந்தை. ஒரு களம், ஒரு பந்து, சம்பளம் தரும் ஒரு கழகம், நம்பிக்கை வைக்கும் ஒரு பயிற்சியாளர், இருபதாண்டு பொறுமை. இவை கிடைத்த இடத்தில் குள்ளமானவர்களும் கண்டத்தை வென்றார்கள். கிடைக்காத இடத்தில் ஆறே முக்கால் அடி இளைஞனும் சுமை தூக்கிக்கொண்டிருப்பான்.

பெண்கள் அணியையும் விட்டுவிடக் கூடாது. 2011, 2013 என்று இருமுறை ஆப்பிரிக்கச் சாம்பியன். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் ஆடியவர்கள். அவர்களைப் பற்றி எழுத எவரும் முழங்கைக் கதைகூடத் தேடவில்லை.

கோப்பை யாருடையது?

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் இது ஓர் எழுச்சிக் கதையாக முடிந்துவிடும். கைதட்டிவிட்டுப் போய்விடலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

விடுதலையைக் கொண்டுவந்த எம்பிஎல்ஏ 1975இலிருந்து இன்றுவரை ஆட்சியில் இருக்கிறது. ஜோசே எடுவார்டோ டோஸ் சாண்டோஸ் 1979 முதல் 2017 வரை 38 ஆண்டுகள் குடியரசுத் தலைவர். ஆப்பிரிக்காவின் பெரிய எண்ணெய் நாடுகளில் ஒன்று அங்கோலா. அந்த எண்ணெய்ப் பணம் எங்கே போனது என்று 2020இல் வெளியான ‘லுவாண்டா லீக்ஸ்’ ஆவணங்கள் காட்டின. தலைவரின் மகள் இசபெல் டோஸ் சாண்டோஸின் சொத்துக் குவிப்பு உலகச் செய்தியானது. லுவாண்டாவின் ‘முசேக்’ என்னும் குடிசைப் பகுதிகளில் குழாயில் தண்ணீர் வராத மக்கள் காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள்.

2015 ஜூனில் லுவாண்டாவில் ஒரு வீட்டில் இளைஞர்கள் கூடி ஒரு புத்தகத்தைப் படித்து விவாதித்துக்கொண்டிருந்தார்கள். சர்வாதிகாரத்தை அறவழியில் எதிர்ப்பது எப்படி என்பது அந்தப் புத்தகத்தின் பொருள். போலீஸ் உள்ளே புகுந்து கைது செய்தது. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று வழக்கு. மொத்தம் 17 பேர். அவர்களில் ஒருவரான ராப் பாடகர் லுவாட்டி பெய்ராவ் 36 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர்களுக்கு இரண்டு ஆண்டு முதல் எட்டரை ஆண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது நீதிமன்றம். உலகம் முழுக்க எழுந்த கண்டனத்துக்குப் பிறகு விடுவித்தார்கள். புத்தகம் படித்ததற்கு எட்டரை ஆண்டு! படிப்பு வட்டம் நடத்தும் மாணவத் தோழர்கள் இந்த ஒரு வரியை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

2025 அங்கோலாவின் விடுதலைப் பொன்விழா ஆண்டு. அதையொட்டி ஆஃப்ரோபாஸ்கெட்டை மறுபடி நடத்தும் வாய்ப்பும் கிடைத்தது. 12 ஆண்டுகளாகக் கோப்பையில்லாத அணி அது. ஜூலை மாதத்தில் அரசு டீசல் விலையை 300 குவான்சாவிலிருந்து 400 ஆக்கியது. பேருந்து போதாத நகரத்தில் ஏழைகள் ஏறிப்போகும் மினி டாக்சிகளின் ஓட்டுநர்கள் ஜூலை 28 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. அரசே சொன்ன கணக்கில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அந்தத் தெருக்களில் ரத்தம் காய்ந்த இரண்டாவது வாரம், ஆகஸ்ட் 12 அன்று, அதே நாட்டில் கூடைப்பந்துத் திருவிழா தொடங்கியது. ஆகஸ்ட் 24 அன்று லுவாண்டாவில் இறுதி ஆட்டம். மாலியை 70–43 என்று வென்று அங்கோலா 12ஆவது பட்டத்தைத் தூக்கியது. தொடரின் சிறந்த வீரர் யார் தெரியுமா? ஆறடிக்கும் குறைந்த உயரமுள்ள சில்டே டுண்டாவ். குள்ளமானவர்களின் அணி தன் மரபை மறக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், அந்த இரவில் லுவாண்டா மக்கள் கொண்டாடியது தவறா? அதிபர் மாளிகைக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக அந்தக் கோப்பையை நாம் வெறுக்க வேண்டுமா?

நமது தோழர்களில் சிலர் விளையாட்டு என்பதே மக்களை மயக்கும் வேலை, ஆள்பவர்களின் கருவி என்பார்கள். அந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. ஏற்றால், கோப்பையை ஆள்பவர்களுக்கே எழுதிக்கொடுத்தவர்களாவோம். டீசல் விலைக்காகத் தெருவில் நின்றவனும் டுண்டாவுக்குக் கைதட்டியவனும் வேறு வேறு ஆட்கள் என்று யார் சொன்னது? ஒரே முசேக்கின் ஒரே வீட்டில் அண்ணன் கைதாகியிருக்கலாம், தம்பி தெருவில் பந்து தட்டிக்கொண்டிருக்கலாம். ‘சுதேசி’ என்று சட்டத்தால் ஒதுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வென்ற கோப்பை அது. அது அவர்களுடையது. அதை வைத்து இருபது பிணங்களை மூடலாம் என்று நினைப்பவர்களிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்வதுதான் அரசியல்.

மறுபக்கம், ‘விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்’ என்று புத்தி சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: அங்கோலா களத்தில் இறங்குவதற்கு முன்பே அரசியல் இறங்கிவிட்டது. குடிமகன் யார் என்று சட்டம் தீர்மானித்தபோது, பருத்தி வயலில் குண்டு விழுந்தபோது, அங்கீகாரம் 17 ஆண்டுகள் மறுக்கப்பட்டபோது, பட்டினியையும் ஈட்டியையும் சொல்லி அரங்கைச் சிரிக்கவைத்தபோது, எல்லாவற்றிலும் அரசியல் இருந்தது. நாம் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், அவ்வளவே.

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து இரண்டு வேலைகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, யாராவது ஒரு மக்கள்கூட்டத்தை ஒரே ஒரு காட்சியில் அடைத்துக் காட்டினால், அடுத்த ஆட்டத்தின் புள்ளிப் பலகையைக் கேளுங்கள். அடிவாங்கிய படத்தை மட்டும் பரப்புவது அனுதாபம்போலத் தோன்றும். அடிவாங்கியவர் அடுத்து என்ன செய்தார் என்று கேட்காத அனுதாபத்தால் யாருக்கும் பயனில்லை.

இரண்டு, நம்மவர் வென்றால் மனம்விட்டுக் கொண்டாடுங்கள். கொண்டாடும்போதே கேள்வியையும் கேளுங்கள். தண்ணீர் எங்கே, எண்ணெய்ப் பணம் எங்கே, சுட்டவன் எங்கே என்று கேட்பதால் கோப்பையின் மதிப்பு குறைந்துவிடாது. கைதட்டும் கையும் முழக்கமிடும் கையும் ஒன்றுதான் என்று ஆள்பவர்களுக்குப் புரியும் நாளில்தான் அந்தக் கோப்பை முழுசாக மக்களுடையதாகும்.